மாமியார் கையில் ஈட்டி

அத்தியாயம் 4

லாரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கிளிசேரியோ டினியோ கடவுளை மூன்று மொழிகளில் கூப்பிட்டான். ஒன்று கெச்சுவா, ஒன்று ஸ்பானிஷ். மூன்றாவது என்ன மொழி என்று அவனுக்கே தெரியாது.

அவனுடைய ஆட்டோ பாதி மலையிலேயே உயிரை விட்டிருந்தது. அந்த வழியாக வந்த பச்சை லாரிதான் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டது. பாஸ் முன்னால், மெத்தை வைத்த சீட்டில். அவன் பின்னால், மூட்டைகளோடு மூட்டையாக. ஆட்டோ யாருடையது, பெட்ரோல் யாருடையது என்றெல்லாம் கேட்க நாதியில்லை.

பாஸ் என்றால் சபினா யுக்ரா. ஐம்பத்துநாலு வயது, இரட்டைப் பின்னல், தலையில் பழுப்புத் தொப்பி, மடியில் எந்நேரமும் ஒரு பை வறுத்த சோளம். ஹுவமாங்கா டவுன் சந்தையில் ரொட்டிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, 'தொலைந்தது கிடைக்கும்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவள். தொலைந்த ஆடு, தொலைந்த பத்திரம், தொலைந்த புருஷன், எது கேட்டாலும் கண்டுபிடித்துத் தருவாள். புருஷன் திரும்பக் கிடைத்த இரண்டு பெண்கள் மட்டும் அவளை இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

லாரியின் பின் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. அதனால் முன்னால் பேசுவது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

"வெனான்சியாவுக்காகவா வர்றீங்க? அட, வீண் அலைச்சல்மா!" என்றார் டிரைவர். பெருத்த உடம்பு, சிரித்த முகம். பெயர் செனோபியோ பெரோக்கால். யுராக்மயோ ஊருக்குத் தலைவர். லாரிக்கும் அவர்தான் சொந்தக்காரர். "நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். நாலேகாலுக்கு அவ எங்க ஊர்க்காரி இல்லை."

"ஊரை விட்டே துரத்திடுவீங்களா?"

"பட்டியல்ல பேரை அடிச்சா நிலம் போச்சு, தண்ணி முறை போச்சு. அப்புறம் இருந்து என்ன பண்ணுவா? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது சாதாரணப் பலகையாம்மா? ஸ்பானியக்காரன் கப்பல்ல வந்து இறங்கினதுலேர்ந்து நம்ம ராஜா கழுத்து போன வரைக்கும் எங்க ஆளுங்க வரைஞ்சு வச்சது. ரிப்பேர் பண்றேன்னு மண்டபத்துச் சாவி வாங்கினா. இப்போ பலகையைக் காணோம். லிமாவுல எவனுக்கோ வித்துட்டா."

"சாவி அவங்ககிட்ட மட்டும்தானா?"

"இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. நான் தலைவராச்சே!" அவர் கடகடவென்று சிரித்தார்.

சபினாவும் சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு கை சோளம் கொடுத்தாள்.

இந்த நேரத்தில்தான் கிளிசேரியோவுக்குத் தன் கீழே ஏதோ ஜில்லென்று இருப்பது தெரிந்தது. கையை விட்டுப் பார்த்தான். மூடி சரியாக மூடாத பெயிண்ட் டப்பா ஒன்று மூட்டைக்கடியில் கவிழ்ந்திருந்தது. அவனிடம் இருந்ததே ஒரு நல்ல பேண்ட். அதன் பின்பக்கம் முழுக்க இப்போது லாரிப் பச்சை.

"பாஸ்!" என்று அலறினான். "நான் முளைவிட ஆரம்பிச்சுட்டேன்!"

*

வெனான்சியா அழவில்லை. கோபத்தில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் செம்மண்ணும் காவியும். ஊர்ப் பொதுமண்டபத்தின் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. புதன்கிழமை சாயங்காலம் நான் பூட்டும்போது இங்க இருந்துச்சு. நேத்து, சனிக்கிழமை காலைல திறந்தா, செவுரு மொட்டையா நிக்குது."

சுவரில் புழுதி படியாத ஒரு நீளக் கோடு, தரையிலிருந்து மேலே வரைக்கும். பத்தடி உயரம், ஒரு முழ அகலம். இரண்டு பக்கமும் பெரிய மர முளைகள்.

"பத்தடிப் பலகை! கையை வீசிக்கிட்டு அதுவா நடந்து போச்சா?" என்றான் கிளிசேரியோ. "யாருமே பார்க்கலையா?"

"பார்த்திருந்தா நான் ஏன் உங்களைக் கூப்பிடறேன்? அங்க நாலு பாத்தி கிழங்கு பூத்து நிக்குது. நட்டவ நான். சாயங்காலத்துக்கப்புறம் அதை எவனோ தோண்டுவான். நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" அவள் போனை எடுத்து நீட்டினாள். "ரிப்பேருக்கு முன்னாடி எடுத்த போட்டோ."

கிளிசேரியோ வாங்கிப் பார்த்தான். மேலிருந்து விரலால் தள்ளித் தள்ளி, கதாகாலட்சேபம் ஆரம்பித்தான்.

"சூரியன் அழுவுது. ரைட்டு. கீழே ராஜா செத்துக் கிடக்கிறாரு, ரெண்டு பேர் கழுத்தை அமுக்கிக்கிட்டு. அதுக்குக் கீழே ஒரு ரூம் நிறைய தங்கம். ஓஹோ, பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்கிறானுங்க! அடுத்தது, ராஜா எழுந்து பல்லக்குல உக்காந்துட்டாரு, ஒருத்தன் கையைப் பிடிச்சு ஏத்தி விடறான். சாமியார் தன் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கிறாரு. குதிரைக்காரனுங்க மலையை விட்டு இறங்கறானுங்க. கடைசியில கப்பல்! எல்லாரும் ஏறி ஊருக்குப் போயிட்டானுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாஸ், இவ்வளவு நல்ல சரித்திரம் எனக்கு யாருமே சொல்லித் தரலையே!"

"கழுதை. பலகையைக் கீழேயிருந்து மேலே படிக்கணும்" என்றாள் வெனான்சியா.

"தெரியும்க்கா. ஆனா என் வழியில படிச்சா யாருக்கும் அடிபடலை பாருங்க."

சபினா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மர முளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சோளத்தைக் கடித்தாள்.

"இதுல பலகையை எதால கட்டியிருந்தீங்க?"

"தோல்வாரு. லாமாத் தோல். கையகலம் இருக்கும்."

"வாரு எங்கே?"

வெனான்சியா முளையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அட, ஆமா. அதையும் காணோம்."

"டேய் கிளிசேரியோ. லிமாக்காரனுக்கு விக்கிறவன் என்ன பண்ணுவான்? கத்தியால ஒரு இழுப்பு, வாரு அறுந்துரும். பலகையைச் சாக்குல சுத்திக் கயித்துல கட்டிக்கிட்டுப் போவான். இவன் உக்காந்து முடிச்சைப் பதமா அவிழ்த்து, ரெண்டு வாரையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். ஏன்?"

"செருப்பு தைக்கவா?"

"கட்டறதுக்குடா! நம்ம ஊர்ல நீளப் பலகையைத் தோல்வாரால எங்க கட்டுவாங்க?"

கிளிசேரியோவின் வாய் தானாகத் திறந்தது. இந்த மலையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் அது தெரியும். புது வீட்டுக்குக் கூரை போடுகிற அன்று, வீட்டுக்கு ஞானத்தகப்பனாக நிற்கிற கொம்பாத்ரே ஒரு பலகை கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரனின் சொந்தபந்தம் அத்தனையும் அதில் வரைந்திருக்கும். ஊரே ஆடிக்கொண்டு பின்னால் வரும். பலகையை உத்தரத்துக்கு அடியில் தோல்வாரால் கட்டுவார்கள். கட்டினால் கட்டினதுதான். அவிழ்த்தால் குடும்பம் பிரியும்.

"புதன்கிழமைக்கு அப்புறம் யார் வீட்டுல கூரை போட்டாங்க?" என்றாள் சபினா.

"அபுந்தியோ வீடு. வெள்ளிக்கிழமை" என்றாள் வெனான்சியா. "நான் போகலை. ஊர்ல ஓவியக்காரின்னு நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பலகையை டவுன்லேர்ந்து வாங்கிட்டு வந்தா எனக்குக் கோபம் வராதா?"

"யாரு வாங்கிட்டு வந்தது? கொம்பாத்ரே யாரு?"

"தலைவர்தான். பாதி ஊருக்கு அவர்தானே கொம்பாத்ரே."

சபினா சோளப்பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். கிளிசேரியோவுக்கு அந்தக் கட்டு தெரியும். பாஸுக்குப் பசி போய்விட்டது என்று அர்த்தம். பசி போனால் மூளை வேலை செய்கிறது.

"மணி ரெண்டு. நடடா" என்றாள்.

*

புது வீட்டில் விருந்து முடிந்திருந்தது. விருந்தாளிகள் முடியவில்லை. ஹார்ப் வாசிப்பவர் ஹார்ப்பைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அபுந்தியோவும் அவன் மனைவி மெல்ச்சோராவும் வாசலுக்கு ஓடி வந்து, யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே ஆளுக்கொரு கிண்ணம் சோளக்கள்ளைக் கையில் திணித்தார்கள்.

"உள்ள வாங்கம்மா! பலகை பார்க்கத்தானே வந்தீங்க? எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க!"

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரத்துக்கு அடியில் ஒரு பத்தடிப் பலகை படுத்திருந்தது. கையகலத் தோல்வார். கிளிசேரியோவுக்கு உற்சாகம் பொங்கியது. அடுத்த நொடியே புஸ்ஸென்று போயிற்று.

பலகையில் கப்பலும் இல்லை, சாமியாரும் இல்லை, செத்த ராஜாவும் இல்லை. பளபளவென்று புதுச் சாயத்தில், கலகலவென்று அபுந்தியோவின் சொந்தக்காரர்கள்.

"போச்சு பாஸ்" என்று முணுமுணுத்தான். "இது வேற. கள்ளைக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

சபினா நகரவில்லை. தொப்பியைக் கழற்றி, கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாள். பிறகு கள்ளை ஒரு மடக்கு குடித்தாள். மறுபடி பார்த்தாள்.

"அழகா இருக்கு. யார் யாருன்னு சொல்லுங்களேன்" என்றாள் தேனொழுக.

மெல்ச்சோராவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தொடங்கினாள். "அடியிலேர்ந்து வர்றேன். இது கொம்பாத்ரே பேரு. இதுக்கு மேலே, எங்க பன்னித் தொட்டி."

"பன்னித் தொட்டிக்கு ஏன் பாய்மரம்?"

"அது... துணி காயப்போட்டிருக்கு போல. மேலே இவரோட தம்பிங்க மூணு பேரு. குதிரை மேல."

"குதிரை இருக்கா அவங்களுக்கு?"

"கழுதைகூட இல்லை" என்றான் அபுந்தியோ நேர்மையாக. "ஆனா கொம்பாத்ரே ஆசைப்பட்டு வரைய வச்சிருக்காரு. வருங்காலத்துல வாங்குவாங்கன்னு."

"தலையில என்ன, இரும்புத் தொப்பியா?"

"சேச்சே. சமையல் சட்டி. விருந்துக்குத் தூக்கிட்டு வர்றாங்க."

"குதிரை மேல ஏறி, சட்டியைத் தலையில கவுத்துக்கிட்டு" என்றான் கிளிசேரியோ. "குழம்பு என்ன ஆச்சு?"

மூலையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு குண்டு அம்மாள் நிமிர்ந்தாள். மெல்ச்சோராவின் தாய். "நானே கேக்கணும்னு இருந்தேன். என்னைக் காட்டுடி அவங்களுக்கு. நூல் சுத்தற கதிரு பிடிச்சுக்கிட்டு நிக்கிறேனாம். கதிரு எவ்வளவு நீளம் பாருங்க! என்னைவிட ஒரு முழம் உசரம். நுனியில கூர் வேற!"

"மாமியார் கையில ஈட்டி!" கிளிசேரியோ கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, உங்க வீட்டைச் சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க!"

அபுந்தியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினான்.

மெல்ச்சோரா குச்சியை மேலே நகர்த்தினாள். "பெரியப்பா, ரொட்டிப் பெட்டியை நீட்டறாரு. மேலே இவரு, நாலு பேர் தோள்ல உக்காந்திருக்காரு. எங்கப்பா கையைப் பிடிச்சு இழுக்கிறாரு, ஆட வாங்க மாப்ளேன்னு. அதுக்கு மேலே கிழங்கு நிறைஞ்ச அறை. அப்புறம் எங்க தாத்தா, குடிச்சிட்டுப் படுத்திருக்காரு, ரெண்டு பேர் கழுத்துல கை வச்சு எழுப்பறாங்க. உச்சியில சூரியன்."

"சூரியன் ஏன் அழுவுது?"

"அடுப்புப் புகை" என்றாள் மெல்ச்சோரா. சொல்லிவிட்டு அவளுக்கே சந்தேகம் வந்தது. குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் என்னவோ போலத்தான் இருக்கும்மா. ஆனா கொம்பாத்ரே கொடுத்ததை எப்படிக் குறை சொல்றது? அவரு மனசு நோகாதா?"

கிளிசேரியோ கையோடு கொண்டுவந்திருந்த வெனான்சியாவின் போனை மெதுவாக எடுத்தான். இந்தமுறை கீழேயிருந்து பார்த்தான். கப்பல். குதிரைக்காரர்கள். ஈட்டி. புத்தகம் நீட்டும் சாமியார். பல்லக்கு. இழுக்கிற கை. அறை. கழுத்து. அழுகிற சூரியன். அண்ணாந்தான். தொட்டி. தம்பிகள். மாமியார். ரொட்டிப் பெட்டி...

"பாஸ்!"

"கத்தாதே. படம் வரையத் தெரியாத ஒருத்தன், எண்ணெய்த்தாளைப் போட்டு அந்தப் பலகையை அப்படியே பிரதி எடுத்திருக்கான். தாடியை எடுத்துட்டான். பாவாடை மாட்டிவிட்டான். கைகாலை மாத்தத் தெரியலை." சபினா கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "ஐநூறு வருஷத்து அக்கிரமத்தைக் குடும்பப் படமாக்கிட்டானேடா பாவி!"

"யாரு?" என்றாள் மாமியார், கதிரைக் கையில் பிடித்தபடி எழுந்து.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும். கிளிசேரியோ, ஏணியில ஏறு. இவங்க பெரியப்பா சட்டை என்ன பச்சை, பாரு."

அவன் ஏறினான். பார்த்தான். சட்டென்று திரும்பி, தன் பின்பக்கத்தைப் பலகையோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு கீழே கேட்டான். "எப்படி?"

கீழே நின்ற நான்கு பேரும் அந்தக் காட்சியை மனமொன்றிப் பார்த்தார்கள்.

"ஒரே பச்சை" என்றான் அபுந்தியோ.

"ஒரே டப்பா" என்றாள் சபினா. "இது மண்ணுச் சாயம் இல்லை, லாரிச் சாயம். வெள்ளிக்கிழமை யாரு இதை மேலே கட்டினது?"

"கொம்பாத்ரேயே ஏறிக் கட்டினாரும்மா! வழக்கமா என் தம்பிங்கதான் கட்டணும். கிட்டவே விடலை. பலகையை மூடியிருந்த போர்வையைக்கூட மேலே தூக்கினப்புறம்தான் உருவினாரு. அந்த உடம்பை வச்சுக்கிட்டு, எங்க மேல எவ்வளவு பாசம் பாருங்கன்னு என் மாமியாரே அழுதுட்டாங்க" என்றான் அபுந்தியோ.

"சரி, தலைவர்தான் திருடினாரு" என்றான் கிளிசேரியோ ஏணியிலிருந்தபடி. "பிரதி எடுத்துட்டாரு. அப்போ அசல் எங்கே? லாரியில இல்லை, நானே அதுல உருண்டு வந்தேன். குடோனுக்குப் போய்த் தேடுவோம் பாஸ், மணி மூணே கால்!"

"நீ அதோட மூக்குக்கு மூக்கு ஒட்டிக்கிட்டு நிக்கிறேடா."

"என்னது?"

"பலகையோட ஓரத்தைத் தொட்டுப் பாரு. முகம் நேத்துப் பொறந்தது. விளிம்பு கருத்து, வழவழன்னு, வாரு உரசித் தேய்ஞ்சு கிடக்கு. ஒரு நாள்ல பத்தடிப் பலகை எந்த மரத்துலடா காய்க்கும்? அவருக்குப் பலகையே கிடைச்சிருக்காது. கிடைச்ச ஒரே பலகைக்கு முதுகுன்னு ஒண்ணு இருந்துச்சு."

கிளிசேரியோ ஏணியிலிருந்து குதித்தான். வீட்டின் பின்புறம் மலைச்சரிவு; அங்கிருந்து கூரை கைக்கு எட்டும். ஓடிப்போய்ச் சரிவில் ஏறி, உச்சியில் இரண்டு கற்றை புல்லை விலக்கி, தலையை உள்ளே நுழைத்தான்.

இருட்டிலிருந்து ஒரு தாடிக்காரன் அவனை முறைத்தான். கையில் ஈட்டி. நிஜமான ஈட்டி.

"பாஸ்! கப்பல் இங்க நிக்குது! ராஜாவும் இங்கதான்! எல்லாரும் கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காங்க!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு, மேளம் வைத்து, ஊர்வலம் போய், ஊரையே பின்னால் ஆடவும் வைத்திருக்கிறார்!

*

நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். கூட்டம் நடக்கிற மைதானம் வீட்டுக்கு எதிர்மேட்டில்தான். சபினா சொன்னது ஒரே வார்த்தை: "ஊது."

விருந்தில் மிஞ்சிக் கிடந்த மாட்டுக்கொம்பை எடுத்து கிளிசேரியோ ஊதினான். கொம்பு ஊதத் தெரியாதவன் ஊதினால் எப்படி இருக்கும்? மாட்டுக்கே வலித்திருக்கும். ஆனால் வேலை நடந்தது. விருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து மொத்த யுராக்மயோவும் சரிவில் ஓடி வந்தது. பாதிப் பேர் கையில் கிண்ணத்தோடு வந்தார்கள். கடைசியாக, இரண்டு பேருக்கு நடுவில் வெனான்சியா வந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை.

"என்ன இது கூத்து?" செனோபியோ மூச்சு வாங்க முன்னால் வந்தார். "கூட்டம் அங்கே. பலகை கிடைச்சுதா, இல்லையா?"

"கிடைச்சுது தலைவரே. அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சந்தேகம். அபுந்தியோ வீட்டுப் பலகையை எங்க வரையக் கொடுத்தீங்க?"

"ஹுவமாங்காவுல. பெரிய ஓவியர்."

"உங்க லாரி பெயிண்ட்டை அவர் எப்படி வாங்கினாரு? கிளிசேரியோ, திரும்பு."

கிளிசேரியோ திரும்பினான். ஊர்ச்சபை முன்னால் பின்பக்கத்தைக் காட்டிச் சாட்சி சொன்ன முதல் மனிதன் அவனாகத்தான் இருக்க வேண்டும். மாமியார் அவன் தோளைப் பிடித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"பச்சை எல்லாக் கடையிலயும் விக்கிறாங்க!" என்றார் செனோபியோ. ஆனால் சிரிப்பு போய்விட்டது.

"அப்படியா? அப்போ எல்லாரும் சரிவுல ஏறுங்க. ரெண்டு ரெண்டு பேரா. கூரையில ஒரு ஓட்டை இருக்கு. பார்த்துட்டு இறங்குங்க."

ஏறினார்கள். முதல் ஆள் பார்த்துவிட்டு "ஐயோ சாமி!" என்றான். இரண்டாவது ஆள் சிலுவை போட்டுக்கொண்டான். ஐந்தாவது ஆள் இறங்கும்போது ஊர் முழுக்கத் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செனோபியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்தார். ஆறடி உடம்பு ஒரு சாண் குறைந்த மாதிரி இருந்தது.

"மறந்துட்டேன்" என்றார். "சத்தியமா மறந்துட்டேன். வியாழக்கிழமை காலைலதான் ஞாபகம் வந்துச்சு, மறுநாள் கூரைன்னு. பலகை வரையப் பதினஞ்சு நாள் ஆகும். வெனான்சியாகிட்ட கேட்டா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. கொம்பாத்ரேன்னு நின்னுட்டு வெறுங்கையோட வரச் சொல்றீங்களா? என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? விருந்து முடிஞ்சதும் எடுத்து, கழுவி, பழைய இடத்துல வச்சிரலாம்னுதான் நினைச்சேன். உத்தரத்துல கடைசி முடிச்சைப் போட்டப்புறம்தான்..." அவர் கூரையைப் பார்த்தார். "கட்டினதை அவிழ்க்கக் கூடாதுன்னு உறைச்சுது."

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பரவியது. வெறுங்கையோடு நிற்கிற பயம் அங்கே இருந்த ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் தெரிந்த பயம்தான்.

சபினா மட்டும் சிரிக்கவில்லை.

"வெறுங்கையோட வர வெட்கப்பட்டீங்க. சரி. நேத்து காலைல இவங்களைத் திருடின்னு சொன்னீங்களே, அப்போ வெட்கம் எங்க போச்சு? நாலு மணிக்கு இவங்க நிலத்தைப் பிடுங்கறதுக்குக் கையைத் தூக்கியிருப்பீங்களா, மாட்டீங்களா?"

செனோபியோ தொப்பியைத் திருகினார். கிளிசேரியோவுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

"ஆனா அவிழ்க்க முடியாதே" என்றான் அபுந்தியோ கவலையாக. "என் பொண்டாட்டி போயிருவாளே."

"கூரை இருக்கிற வரைக்கும்தானே அவிழ்க்கக் கூடாது?" மெல்ச்சோரா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "கூரையே இறங்கினா பலகையும் இறங்கலாம். பிரிங்க கூரையை! பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி போடுவோம். கொம்பாத்ரே மறுபடி ஊருக்கே விருந்து போடட்டும். ஹார்ப்பு, வயலின், கினிப்பன்றி வறுவல், எல்லாம். பலகை வெனான்சியா அக்கா கையால வரணும். எங்கம்மா கையில கதிரு கதிரா இருக்கணும்!"

"கூரையைப் பிரிக்க யாரெல்லாம் சம்மதம்?" என்று கத்தினாள் சபினா.

அத்தனை கையும் மேலே போயிற்று. தூங்கிக்கொண்டிருந்த ஹார்ப்காரர் கைகூட.

"வெனான்சியா பேரை அடிக்க?"

ஒரு கையும் இல்லை. செனோபியோ தன் இரண்டு கையையும் தொப்பிக்குள் திணித்துக்கொண்டார்.

வெனான்சியா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கு ஒண்ணு வேணும்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மன்னிப்பு கேட்பாள், நஷ்டஈடு கேட்பாள் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள்.

"அந்தப் பழைய பலகையில, சூரியனுக்கு மேலே ஒரு முழம் இடம் காலியா இருக்கு. அதுல ஒரு படம் சேர்க்கப் போறேன்."

"என்ன படம்?" என்றார் செனோபியோ, பயந்துகொண்டே.

"வெள்ளிக்கிழமை ஊர்வலம். நீங்க பலகையைத் தூக்கிக்கிட்டு முன்னால போறீங்க. ஊரே பின்னால ஆடிக்கிட்டு வருது. ஒருத்தர் விடாம வரைவேன். யார் யாரு ஆடினீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்தப் பலகை இன்னும் நானூறு வருஷம் நிற்கும்.

"வெனான்சியா, கண்ணு, நான் ஓரமாத்தான் வந்தேன்!"

"அக்கா, நான் ஆடலை, கால் தடுக்கிச்சு!"

"என்னை வரைஞ்சா வரை. கொஞ்சம் ஒல்லியா வரைடி!"

"நான் அன்னிக்கு ஊர்லயே இல்லை!"

"நீதான்டா முதல்ல கத்தினே!"

நேற்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காத ஊர் அவளைச் சுற்றி நெருக்கியது. கிளிசேரியோ விழுந்து விழுந்து சிரித்தான். சபினா சோளப்பையை அவிழ்த்தாள்.

வெனான்சியா ஒரு கல்லின் மேல் ஏறி நின்று கையைத் தட்டினாள்.

"தள்ளாதீங்க! என்கிட்ட பேசணும்னா வரிசையில வாங்க. தலைவரே, நீங்க முதல்ல நில்லுங்க. உங்களைத்தான் பெரிசா வரையணும்."

யுராக்மயோவின் ஊர்க்கூட்டம், தலைவர் முதல் ஹார்ப்காரர் வரை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவள் முன்னால் வரிசையில் நின்றது.